இடத்துக்கு அனுப்பும் செய்தி: எல்லாருக்கும் அனுப்பிவிட்டு வடிகட்டினால் போதாதா?

கேள்வி, 3 நவம்பர் 2024

டவர் இல்லாத இடம். கையில் இருக்கும் கருவிகளே ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்துகின்றன. அதில் "இந்த எல்லைக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்" என்று அனுப்புவதற்குத் தனி வழிமுறை எதற்கு? எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, வாங்குகிற கருவி தன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து, எனக்கு இல்லை என்றால் காட்டாமல் விட்டால் வேலை முடிந்தது. இப்படி இடம் பார்த்து அனுப்புவதை ஜியோகாஸ்ட் என்று 25 வருஷமாக எழுதுவதெல்லாம் பட்டம் வாங்க மட்டும் உதவும் என்பது என் எண்ணம். நிஜத்தில் யாராவது செய்து பார்த்ததுண்டா?

4 நவம்பர் 2024, இரவு

செய்து பார்த்தேன். ஏழு வள்ளம் (சிறு படகு), ஏழு லோரா போர்டு (சின்னச் செய்தியைத் தூரமாக அனுப்பும் ரேடியோ), போன ஜனவரியில் தொடங்கி விட்டு விட்டுப் பத்து மாதம்.

ஊர் குமரி மாவட்டத்து மேற்குக் கரை. நான் கடலுக்குப் போகிறவன் இல்லை; நாகர்கோவிலில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் வேலை. பெரியப்பாவும் அவர் பிள்ளைகளும் பைபர் வள்ளத்தில் போகிறவர்கள். விடிகாலை மூன்று மணிக்கு இறக்கினால் கொஞ்ச தூரத்திலேயே போன் செத்துவிடும். அப்புறம் கையில் இருக்கும் வயர்லெஸ்தான். அதில் ஒருவர் பேசினால் கேட்கிற தூரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும், மற்றவர் பேச முடியாது.

முதலில் நான் வாட்ஸ்அப் குழு மாதிரி ஏழு பேர் பெயரைப் போட்டுக் குழு அமைத்துக் கொடுத்தேன். பெரியப்பா ஒரே வாரத்தில் திருப்பித் தந்துவிட்டார். "மக்களே, ஆளு தெரிஞ்சா நான் கூப்பிட மாட்டனா? அந்தப் பாருல இண்ணைக்கி யாரு நிக்கிறாண்ணுதானே தெரியாது. அங்க நிக்கிறவனுக்குச் சொல்லணும்."

அவருக்கு வேண்டியது அதுதான். தெற்குப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) நீவாடு (நீரோட்டம்) கெட்டுக் கிடக்கிறது, வலை போட்டால் கிழியும். இதை அங்கே இன்றைக்கு நிற்பவனுக்குச் சொல்லவேண்டும். அவன் பக்கத்து ஊர்க்காரனாக இருக்கலாம், பெயரே தெரியாதவனாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து அவன் போய் வேறொருவன் வந்து நிற்பான். குழுவின் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்றை யாராலும் எழுதிவைக்க முடியாது. இடம்தான் முகவரி.

வடிகட்டுவது பற்றி நாளை எழுதுகிறேன். அதில் கேள்வி கேட்டவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது.

6 நவம்பர் 2024

பாதி நியாயம் எங்கே என்பதற்குக் கணக்கு.

லோராவில் தூரம் வேண்டுமென்றால் வேகத்தை விடவேண்டும். நான் வைத்திருந்த அமைப்பு எஸ்எஃப் 11 (இந்த எண் கூடினால் தூரம் கூடும், வேகம் குறையும்), அலைவரிசை அகலம் 250 கிலோஹெர்ட்ஸ். லோரா போர்டுகளை வலையாக (மெஷ்) இணைக்கும் மெஷ்டாஸ்டிக் என்ற மென்பொருளில் வழக்கமாக வரும் அமைப்பும் இதேதான். 100 பைட் செய்தி ஒன்று காற்றில் ஏறக்குறைய 1 விநாடி ஓடும். அந்த ஒரு விநாடி, கேட்கிற தூரத்தில் வேறு எவரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் இரண்டும் கெடும்.

ஏழு வள்ளம், ஏழும் ஒரு தடவை திரும்பச் சொன்னால் ஏழு விநாடி. ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எல்லாருக்கும் விட்டுவிட்டு வாங்குகிறவன் வடிகட்டட்டும் என்பதுதான் சரி. ஆக, ஏழு வள்ளத்துக்குக் கேள்வி கேட்டவர் சொன்னதுதான் நடைமுறை. நானும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றேன்.

சாளை (மத்தி மீன்) படும் காலத்தில் வந்து பாருங்கள். ஒரே இடத்தில் நூறு, நூற்றைம்பது வள்ளம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மொய்த்துக் கிடக்கும். 150 பேரும் ஒரு செய்தியை ஒருமுறை திரும்பச் சொன்னால் இரண்டரை நிமிஷம் காற்று அடைபட்டுக் கிடக்கும், ஒரே ஒரு செய்திக்கு. இரண்டு பேர் சேர்ந்தாற்போல அனுப்பினால் எதுவும் போய்ச் சேராது. எல்லாருக்கும் விடுவது எத்தனை பேர்வரை தாங்கும் என்பதுதான் கேள்வியே.

6 நவம்பர் 2024, பின்குறிப்பு

"150 பேரும் திரும்பச் சொல்லவேண்டிய அவசியமே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. 1999-இல் தைவான்காரர்கள் நான்கு பேர் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒருவன் சொன்னதை அடுத்தவன் திரும்பச் சொன்னால் புதிதாகக் கிடைக்கும் பரப்பு அதிகபட்சம் 61 விழுக்காடு, சராசரி 41. ஒரே செய்தியை நான்கு தடவை காதால் கேட்டுவிட்ட பிறகு நீ சொல்வதால் கிடைப்பது 5 விழுக்காட்டுக்கும் கீழே. அதனால் கொஞ்சம் காத்திரு, எண்ணிக்கொள், போதுமான தடவை கேட்டுவிட்டால் வாயை மூடு. மெஷ்டாஸ்டிக்கிலும் இந்த வகைதான்: சத்தம் மெலிந்து கேட்டவன், அதாவது தூரத்தில் இருப்பவன், முதலில் பேசுவான், அதைக் கேட்ட பக்கத்துக்காரன் தன் முறையை விட்டுவிடுவான்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. வயர்லெஸ்ஸில் அவர்கள் செய்வதும் இதுதான். "தெக்க நிக்கிறவங்க சொல்லுங்கடே" என்று ஒருவர் கத்தினால், தெற்கே கடைசியில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்வார். நடுவில் இருப்பவர்கள் பேசாமல் இருப்பார்கள்.

9 நவம்பர் 2024

பழைய கட்டுரைகளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை. 1996 நவம்பரில் ஆர்எஃப்சி 2009 (இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 2009-ஆம் எண்) வந்தது. இமீலின்ஸ்கி, நவாஸ் இருவர் எழுதியது. ஐபி முகவரிக்குப் பதில் ஒரு பல்கோணத்தையே முகவரியாகப் போடலாம் என்றார்கள். அது கம்பி இணையத்தை மனதில் வைத்தது. கம்பியே இல்லாத, கருவிகளே நகர்கிற வலைக்கு இதைக் கொண்டுவந்தது டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் இருந்த கோ, வைத்யா இருவரும்: 1998-இல் வழி தேடுவதற்கு, 1999-இல் இடம் சார்ந்த குழுச் செய்திக்கு.

இன்னொன்றை மறக்கக்கூடாது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து விட்டது. நூறு மீட்டர்வரை தப்பும். அந்தக் காலத்தில் உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள். பட்டம் வாங்குவதற்கான வேலை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

10 நவம்பர் 2024

கோ, வைத்யா சொன்ன இரண்டு வழி. என் ஏழு வள்ளத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன்.

முதல் வழி செவ்வகம். நீ நிற்கும் இடத்தையும் செய்தி போகவேண்டிய இடத்தையும் சேர்த்து அடைக்கிற மிகச் சின்னச் செவ்வகத்தை வரை. பக்கங்கள் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்காக இருக்கவேண்டும். அதற்குள் இருப்பவன் கடத்துவான். வெளியே இருப்பவன் கேட்டாலும் விட்டுவிடுவான். இரண்டாவது வழி தூரம். எனக்குக் கொடுத்தவனைவிட நான் இலக்குக்குப் பக்கத்தில் இருந்தால் கடத்துவேன், இல்லையென்றால் விடுவேன். இரண்டிலும் கொஞ்சம் தாராளம் விட ஓர் அளவு உண்டு, டெல்டா என்று எழுதுவார்கள்.

செவ்வகம் எளிது. நான்கு எண்ணை ஒப்பிட்டால் போதும், சைன் காஸ் எதுவும் வேண்டாம். அதையே முதலில் போட்டேன். டெல்டாவை சுழியமாக வைத்தேன். காற்று மிச்சமாகட்டும் என்று.

பிப்ரவரியில் ஒரு நாள், கரையோரம் நின்ற பெரியப்பா வள்ளத்திலிருந்து நேர் தெற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு செய்தி. போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஆறாம் நாள் தென்மேற்காக ஒரு செய்தி, அதே தூரம், போய்விட்டது. போர்டு கெட்டுவிட்டதென்று நினைத்து ஆன்டெனாவை மாற்றினேன், கனெக்டரில் உப்பு பூத்திருந்ததைச் சுரண்டினேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா போர்டையும் கழற்றிப் பாயில் பரப்பி, உள்ளே எழுதிவைத்த பதிவுகளைப் படித்தேன். நடுவில் நின்ற இரண்டு வள்ளத்தின் திரையிலும் அதே வரி: "கேட்டேன், எல்லைக்கு வெளியே, விட்டேன்." திரும்பத் திரும்ப அதே வரி. செய்தி அவர்கள் காதுவரை வந்திருக்கிறது. கடத்தும் தூரத்தில் நின்றிருக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டர் மேற்கே தள்ளி நின்றதால் நான் எழுதிக் கொடுத்த விதி அவர்கள் வாயைக் கட்டிவிட்டது.

பேப்பரில் வரைந்து பாருங்கள். நேர் தெற்கே பத்து கிலோமீட்டர் என்றால் செவ்வகம் 2க்கு 11. ரிப்பன் மாதிரி, 22 சதுர கிலோமீட்டர். அதே பத்து கிலோமீட்டர் தென்மேற்கு மூலையில் என்றால் ஒவ்வொரு பக்கமும் எட்டுக்குக் கொஞ்சம் மேல், 65 சதுர கிலோமீட்டர். தூரம் ஒன்றே. திசைகாட்டியோடு ஒத்துப்போனால் ஒல்லி, கோணலாகப் போனால் குண்டு. செய்தி சேருவதும் சேராததும் எந்தத் திசைக்கு அனுப்புகிறாய் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. எங்கள் ஊரில் கடல் தெற்கேயும் தென்மேற்கேயும்தான்.

டெல்டாவை இரண்டு கிலோமீட்டர் வைத்ததும் தெற்குச் செவ்வகம் 6க்கு 15 ஆனது. 90 சதுர கிலோமீட்டர். செய்தி போனது.

17 நவம்பர் 2024

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. செய்தி போகாத நாட்களில் ஒன்றுக்குச் செவ்வகம் காரணமே இல்லை.

கடலில் எல்லாரும் இடத்தைச் சொல்வது டிகிரி, மினிட்டில். "8 டிகிரி 05.300" என்றால் 8 டிகிரி, 5.3 மினிட். என் போர்டு கேட்டது டிகிரியின் தசமம். சரியான எண் 8.0883. தம்பி 8.053 என்று அடித்துவிட்டான். யார் பார்த்தாலும் சரிபோலத் தெரியும். வித்தியாசம் 0.0353 டிகிரி, நிலத்தில் ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர். செய்தி ஒழுங்காகப் போயிருக்கிறது, ஆளில்லாத கடலுக்கு.

இதைக் கேட்டு ஒரு நெல்லைக்காரர் தனிச் செய்தியில் எழுதினார். நிலத்தில் சர்வே வேலையில் அவருக்கும் இதே தப்பு நடந்ததாம். இப்போது என் போர்டில் மினிட் தவிர வேறு எதையும் உள்ளிட முடியாது. அடித்ததும் "இங்கிருந்து 9 கிமீ தெற்கே, சரியா?" என்று கேட்கும். கடலுக்குப் போகிறவனுக்கு எண் தப்பினால் தெரியாமல் போகலாம், தூரமும் திசையும் தப்பினால் உடனே தெரியும்.

18 நவம்பர் 2024

செவ்வகத்துக்குப் பதில் கூம்பு போடச் சொல்கிறார்கள். முனை அனுப்புகிறவனிடம், வாய் இலக்கில். போட்டுப் பார்த்தேன். முனையில் இடமே இல்லை. முதல் தாவலுக்குத்தான் (ஒரு போர்டிலிருந்து அடுத்ததுக்குப் போவது) பக்கத்தில் ஆள் வேண்டும், அங்கேயே குறுக்கினால் தொடங்காமலே செத்துவிடும். இருவருக்கும் இடையே கோடு போட்டு இரு பக்கமும் ஒரே அகலம் விடுவது, அதாவது வாய்க்கால் மாதிரி, எனக்குப் பிடித்திருக்கிறது. திசைக்குத் திசை மாறாது.

30 நவம்பர் 2024

இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017 நவம்பர் 29 இரவு, 30 பகல். ஒக்கி புயல். எங்கள் கரையில் இந்தத் தேதியை யாரும் காலண்டர் பார்த்து நினைவு வைப்பதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. என் அத்தான் ஒருவர் அப்போது ஆழ்கடல் படகில். ஆறு நாள் முன்னாடி கிளம்பியவர்கள். புயல் என்ற சொல் அவர்கள் காதில் விழுந்ததே பக்கத்தில் போன இன்னொரு படகின் வயர்லெஸ்ஸில், காற்று மாறிய பிறகு. ஒரு வாரம் கழித்து லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. அந்த ஒரு வாரம் அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவள் வீட்டுக்கு போன் வந்தது. அதே தெருவில் நான்கு வீட்டுக்கு வரவில்லை.

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், "இந்த மெஷ் இருந்திருந்தால்" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். இருந்திருந்தாலும் உதவியிருக்காது. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். ரேடியோ பார்வைத் தூரம் ஆன்டெனா உயரத்தைப் பொறுத்தது: இரண்டு பக்க உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் 9 மீட்டர் என்றால் 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆழ்கடலில் அடுத்த படகு அதைவிடத் தள்ளி நின்றால் சங்கிலி அங்கேயே அறுந்தது. எந்த வழிமுறையும் இல்லாத படகை உண்டாக்கித் தராது. அங்கே வானிலிருந்துதான் வரவேண்டும். 2019-இல் ஜெமினி கருவி வந்தது, ககன் செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை இறக்கி போனில் காட்டும், பேச்சு ஒருவழிதான். 2024 ஆகஸ்டில் தொடங்கிய ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் (படகில் வைக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவி) திட்டத்தில் இருவழியும் உண்டு. அது நல்லபடி எல்லாப் படகுக்கும் போய்ச் சேரவேண்டும்.

நான் பேசுவது கரையோர வள்ளங்களைப் பற்றி மட்டும்.

1 டிசம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வானிலிருந்து ஒரு படகுக்கு வந்தால், அந்தப் படகு தன்னைச் சுற்றியுள்ள பத்துப் படகுக்குச் சொல்லலாம் அல்லவா? அங்கே மெஷ் உதவும். 2000-இல் வந்த ஜியோடோரா என்ற ஜியோகாஸ்ட் வழிமுறையும் இதே எண்ணம்தான். இலக்குப் பகுதியில் யாராவது ஒருவனுக்கு முதலில் கொண்டுபோய்ச் சேர், அவன் உள்ளே பரப்பட்டும். வழியெல்லாம் கத்தவேண்டாம், உள்ளே மட்டும் கத்தினால் போதும். படித்தபோது நுணுக்கமான வேலையாக மட்டும் தெரிந்தது. இப்போது படகு நினைவுக்கு வருகிறது.

8 டிசம்பர் 2024

இரண்டாவது வழி, தூரம் பார்ப்பது, ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறார்கள். வேலை செய்யவில்லை என்பதால் விடவில்லை. சொல்லப்போனால் செவ்வகத்தைவிட நன்றாகவே போனது.

அதில் கடத்துகிற ஒவ்வொருவனும் தான் நிற்கும் இடத்தைச் செய்தியில் எழுதவேண்டும். அடுத்தவன் ஒப்பிட அது வேண்டும். மூன்றாம் நாள் தம்பி லேப்டாப்பில் மேப் போட்டு, எல்லா வள்ளமும் புள்ளியாக நகர்வதைப் பெருமையாகக் காட்டினான். பெரியப்பா முகம் மாறிவிட்டது.

"என் பாரு எங்க கெடக்குண்ணு ஊருக்கே வெளக்குப் போட்டுக் காட்டவா?"

அந்தப் பார் அவர் அப்பா காட்டிக்கொடுத்தது. கரையில் இரண்டு அடையாளத்தை ஒன்றோடு ஒன்று பொருத்தி, முப்பது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்தில் இருக்கும் கல்லைக் கண்டுபிடிக்கிற வித்தை. பிள்ளைகளிலேயே இருவருக்குத்தான் சொல்லியிருக்கிறார். அன்று இரவே ஐந்து பேர் போர்டைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நான் செய்தது பெரிய தப்பு. கேட்காமல் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன்: எந்த வள்ளமும் தன் இடத்தைக் காற்றில் சொல்லாது. செய்தியின் தலையில் இலக்கும் கடத்தும் எல்லையும் மட்டும் இருக்கும். வாங்குகிறவன் தன் ஜிபிஎஸ்ஸைத் தனக்குள்ளேயே பார்த்துக்கொள்வான். உள்ளே இருந்தால் காட்டும், இல்லையென்றால் காட்டாது. யார் வாங்கினார்கள் என்று அனுப்பியவனுக்கும் தெரியாது. செவ்வகமோ வாய்க்காலோ, இந்த விதிக்கு இரண்டும் ஒத்துப்போகும். தூரம் பார்க்கும் வழி ஒத்துப்போகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. மிகச் சின்னச் செவ்வகம் என்றால் அதன் ஒரு விளிம்பு அல்லது மூலையே அனுப்புகிறவன் நிற்கும் இடம். அதைப் பார்த்தே ஆளைப் பிடிக்கலாம். டெல்டாவை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிப் போட்டு மூலையை மறைக்கிறேன்.

கேள்வி கேட்டவர் "வாங்குகிறவன் வடிகட்டட்டும்" என்றாரே, அதற்கு நான் இப்போது முழுசாகத் தலையாட்டுவது இந்தக் காரணத்துக்காக. காற்று மிச்சமாவது இரண்டாம் பட்சம்.

22 டிசம்பர் 2024

மிதக்கும் மரம். இது இடம் சார்ந்த செய்திக்கே புதிய தலைவலி.

மரமோ, கழன்ற மிதவையோ கண்டால் பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்லவேண்டும். இருட்டில் எஞ்சினோடு மோதினால் வள்ளம் பிளக்கும். இப்போது அங்கே நிற்பவனுக்குச் சொன்னால் போதாது, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வருகிறவனுக்கும் சொல்லவேண்டும். செய்தி அந்த இடத்திலேயே தங்கவேண்டும். இதற்கு நிலைத்து நிற்கும் ஜியோகாஸ்ட் என்று வாகன வலைக்காரர்கள் 2005 வாக்கில் எழுதியிருக்கிறார்கள். எல்லைக்குள் இருப்பவர்கள் செய்தியைக் கையில் வைத்திருந்து, புதிதாக வருகிறவனுக்குக் கொடுப்பார்கள்.

ரோட்டில் விபத்து நடந்த இடம் அங்கேயே கிடக்கும். கடலில் மரம் கிடக்காது. நீவாடு ஒரு நாட் வேகம் என்றால் ஆறு மணி நேரத்தில் 11 கிலோமீட்டர் போய்விடும். என் போர்டுகள் விடியற்காலை எழுதிய செய்தியை மதியம்வரை பத்திரமாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தன. மரம் எப்போதோ கிழக்கே போய்விட்டது. அங்கே இருந்த ஒருவர் இல்லாத மரத்துக்குப் பயந்து சுற்றிப்போனார், டீசல் செலவு.

இப்போது செய்தியோடு பார்த்த நேரம், நீவாட்டின் திசை, வேகம் மூன்றும் போகும். வாங்குகிற போர்டு எல்லையைத் தானே நகர்த்திக்கொள்ளும். நேரம் ஆக ஆக எல்லையைப் பெரிதாக்கும், ஏனென்றால் நம் ஊகம் அவ்வளவு தூரம் நம்பத் தகுந்ததல்ல. மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் அழித்துவிடும். வேகத்தை யார் சொல்வது? பார்த்தவர்தான். "கெட்டி", "சுமார்", "தளர்ச்சி" என்று மூன்று பட்டன். அதற்கு மேல் கேட்டால் எவரும் அமுக்க மாட்டார்கள்.

5 ஜனவரி 2025

செய்தித் தலையை 16 பைட்டிலிருந்து 10-ஆகக் குறைத்தேன். நான்கு மூலைக் கோட்டுக்கும் நான்கு நான்கு பைட் எழுதுவதற்குப் பதில், வடமேற்கு மூலை 8 பைட், அப்புறம் அகலமும் உயரமும் நூறு மீட்டர் கணக்கில் ஒவ்வொரு பைட். 25 கிலோமீட்டர்வரை எழுதலாம்.

இதை நானே கண்டுபிடித்ததாக நினைத்து ஒருவரிடம் சொன்னேன். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். சிரித்துக்கொண்டே டிஎஸ்சி (கப்பல் ரேடியோவின் டிஜிட்டல் அழைப்பு முறை) அழைப்பின் வடிவத்தை வரைந்து காட்டினார். அதில் "இந்தப் பகுதியில் உள்ள கப்பல்கள்" என்று ஒரு அழைப்பு வகையே இருக்கிறது, எண் 102. முகவரி பத்து இலக்கம்: உலகின் எந்தக் கால்பகுதி, வடமேற்கு மூலையின் அட்சம், தீர்க்கம், அப்புறம் கீழே எத்தனை டிகிரி, பக்கத்தில் எத்தனை டிகிரி. அதே மூலை, அதே அகலம் உயரம். டிகிரிக் கணக்கு என்பதால் மிகச் சின்னப் பெட்டியே நூறு கிலோமீட்டருக்கு மேல். கப்பல்கள் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும் ஏஐஎஸ் என்ற ரேடியோ முறையில் 23-ஆம் செய்தி வகையும் இரண்டு மூலை கொடுத்து, உள்ளே இருக்கிற கப்பல்களுக்கு மட்டும் கட்டளை போடும். செயற்கைக்கோள் வழி வரும் கடல் எச்சரிக்கையில் வட்டமும் செவ்வகமும் உண்டு.

எனவே "நிஜத்தில் யாராவது பயன்படுத்தியதுண்டா" என்ற முதல் கேள்விக்கு என் 4 நவம்பர் பதில் போதாது. பெரிய கப்பல்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துகின்றன. வள்ளத்துக்குத்தான் வரவில்லை.

6 ஜனவரி 2025

"கப்பல்காரர்களுடையது ஒரே தாவல், நீங்கள் பேசுவது பல தாவல், இரண்டும் ஒன்றா" என்று கேட்டவருக்கு: ஒன்றல்ல. முகவரி எழுதும் முறை மட்டும்தான் ஒன்று. மற்றபடி சரியாகச் சொன்னீர்கள்.

19 ஜனவரி 2025

தமிழில் செய்தி அனுப்புவது பற்றி. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். "வலை போடாதீங்க" என்று எழுதினால் 37 பைட். துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனி மூன்று. இங்கிலீஷ்காரன் ஒரு வாக்கியம் சொல்லும் நேரத்தில் நாம் ஒரு சொல்தான் சொல்ல முடியும்.

பெரியப்பாவையும் இன்னும் நான்கு பேரையும் உட்காரவைத்து, கடலில் இவர்கள் நிஜமாகச் சொல்கிற செய்திகளை எழுதச் சொன்னேன். இருபத்தி இரண்டு வந்தது. வலை போடாதீங்க. எஞ்சின் நின்னுபோச்சு. கச்சான் (மேற்குக் காற்று) ஏறுது. ஆள் விழுந்துட்டான். சாளை கிடக்கு (இதை எவரும் அனுப்ப மாட்டார்கள் என்று எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்). மிச்சம் இருபத்தியொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரே பைட். முழுச் செய்தியும் 16 பைட்டுக்குள் அடங்கி, காற்றில் 0.3 விநாடி ஓடுகிறது. திரையில் தமிழில் வரும்.

6 நவம்பரில் போட்ட கணக்கை இதை வைத்துத் திருத்தவேண்டும். 150 வள்ளம் அத்தனையும் திரும்பச் சொன்னாலும் 45 விநாடி. நான்கு தடவை கேட்டால் பேசாதே என்ற விதியைச் சேர்த்தால் அதிலும் பெரும்பகுதி குறையும். ஆனால் அந்த விதியில் எனக்கு ஒரு சந்தேகம். தைவான் கணக்கு நாலாபக்கமும் ஆள் நிரவி இருப்பதாக வைத்துப் போட்டது. வள்ளங்கள் பாரின் விளிம்பில் வரிசையாக நிற்கும். வரிசையின் கடைசியில் நிற்பவன் நான்கு தடவை கேட்டிருப்பான், ஆனால் அவனுக்கு அப்பால் ஒருவன் அவனை மட்டுமே நம்பி நிற்பான். கடைசிக்காரன் வாயை மூடினால் அப்பால் நிற்பவனுக்கு வேறு வழியில்லை. அதனால் "ஆள் விழுந்துட்டான்", "எஞ்சின் நின்னுபோச்சு" இரண்டுக்கும் இந்த விதி கிடையாது. எல்லையும் கிடையாது. கேட்ட எல்லாரும் சொல்லவேண்டும், காற்று அடைந்தாலும் பரவாயில்லை.

2 பிப்ரவரி 2025

போன வியாழக்கிழமை. பெரியப்பா வள்ளத்திலிருந்து தெற்குப் பாருக்கு "வலை போடாதீங்க". எங்கள் ஏழில் ஒன்றுகூட அன்று அங்கே இல்லை, பதிவில் பார்த்தேன். மாலையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் புரோகிராமை வாங்கிப் போர்டு ஒன்று செய்து, பிவிசி குழாயில் அடைத்துக் கட்டியிருக்கிறான், எனக்கே மறந்துவிட்டது. இவர்தான் அங்கே நின்றிருக்கிறார். செய்தி பார்த்து வலையை வள்ளத்திலேயே வைத்துக்கொண்டார். அவரும் பெரியப்பாவும் அதுவரை பேசியதில்லை.

சாயா குடித்துவிட்டு ஒரு குறை சொன்னார். வெயிலில் திரை தெரியவில்லை, எழுத்து பொடிசு. அது 128க்கு 64 புள்ளி உள்ள சின்னத் திரை. இரண்டு வரிக்கு மேல் போடாமல் எழுத்தைப் பெரிதாக்கி, மேலே ஒரு மூடி வைத்து நிழல் கட்டலாம் என்றிருக்கிறேன். "எஞ்சின் நின்னுபோச்சு" இரண்டு வரிக்குள் அடங்கவில்லை. "எஞ்சின் நிக்கி" போதும் என்றார் பெரியப்பா. மாற்றிவிட்டேன்.